டோரிஸை ஏன் அவனுக்குக் கொடுத்தாய்

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவராக, வீட்டில் இப்போது என்ன பீர் நொதித்துக்கொண்டிருக்கிறது, எதில் காய்ச்சினோம், எது கெட்டுப்போனது என்று சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து எல்லோருக்கும் ஒரு வாய் ஊற்ற வேண்டும். ஹார்டுவேர் கடையின் பின்னறையில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில்தான் கூட்டம். அங்கே நாங்கள் குடிப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம் என்று ஒருமுறை என் மனைவி லோரெய்னிடம் சொன்னேன். எல்லாக் குடிகாரர்களும் அப்படித்தான் என்றாள்.

பிப்ரவரிக் கூட்டத்தில் பிரெண்டின் முறை வந்தது. டென்வரிலிருந்து எங்கள் டூலூத்துக்குக் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். வீட்டில் உட்கார்ந்தபடியே கம்ப்யூட்டரில் ஏதோ வேலை. எங்கள் ஊர் பனிக்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பு எல்லோர் ஷூவையும் வெளுக்க வைக்கும், அவன் ஷூவை மட்டும் தொடாது. அப்படிப்பட்ட ஆசாமி.

போனை எடுத்து எல்லோர் மூக்குக்கும் நேராக நீட்டினான். மூன்று ஸ்டீல் பானைகள், ஒவ்வொன்றும் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்போல மின்னியது.

"தண்ணி சூடாக்க ஒண்ணு, மால்ட்டை ஊற வைக்க ஒண்ணு, கொதிக்க விட ஒண்ணு. எல்லாம் கரண்ட்ல ஓடுது. படுக்கையில இருந்தே போன்ல சூட்டை ஏத்தலாம், இறக்கலாம்," என்றான்.

"படுக்கையிலேயே குடிச்சும் முடிச்சிடலாமே, எதுக்கு எந்திரிக்கிற?" என்றார் சங்கத் தலைவர் கிளென். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லை மட்டும் காட்டி.

நான் காய்ச்சுவது வான்கோழி பொரிக்கிற கேஸ் அடுப்பில். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, ஊற வைப்பது மீன் பிடிக்கப் போகும்போது தூக்கிப்போகிற நீல ஐஸ் பெட்டியில். அதன் மூடி சரியாக மூடாது, மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்தி வைப்பேன். ஆற வைப்பதற்கான செம்புக் குழாயை நானே ஒரு டப்பாவைச் சுற்றி வளைத்தேன், ஓரிடத்தில் நசுங்கிவிட்டது. அதனால் தண்ணீர் மூத்திரக் கோளாறு வந்தவன் மாதிரி விட்டுவிட்டு வரும். பிரெண்டின் படங்களைப் பார்த்தபோது வயிறு எரிந்ததா என்றால், எரிந்தது. ஆனால் பானைமேல் வருகிற பொறாமை தாங்கக்கூடியது. பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கினால் வருவதுதான். கொஞ்ச நாளில் அந்த வண்டியிலும் துரு பிடிக்கும், நமக்கும் ஆறிவிடும்.

பிறகு அவன் பாட்டிலைத் திறந்தான்.

கலங்கலான பழுப்பு நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் ஜூனிபர் என்கிற ஊசியிலைப் புதர்க் கிளையின் வாசனை. வாயில் வைத்தால் ரை தானியத்தின் கனத்த ருசி. விழுங்கினேன். விழுங்கி முடித்த பிறகு, நாக்கின் கடைக்கோடியில், பேரிக்காய்த் தோலின் துவர்ப்பும் அதன் பின்னாலேயே ஒரு மிளகுக் காரமும் வந்தன.

அது டோரிஸ்.

பீருக்கு ஈஸ்ட் என்பது தயிருக்கு உறை மோர் மாதிரி. உறை எப்படியோ பீரும் அப்படித்தான் வந்து சேரும். மற்றவர்கள் கடையில் பாக்கெட்டாக வாங்குவார்கள். நானும் என்னோடு சேர்ந்து காய்ச்சுகிற வெண்டெலும் வாங்குவதில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு இலையுதிர் காலத்தில், வெண்டெல் வீட்டுக் காட்டுப் பிளம் மரத்தடியில் மால்ட் சாறு ஊற்றிய ஜாடிகளைத் திறந்து வைத்து, காற்றில் வருகிற ஈஸ்டைப் பிடித்தோம். ஒரு ஜாடி தவிர மற்றவை எல்லாம் பூசணம் பூத்து, நனைந்த சாக்ஸ் மாதிரி நாறின. தப்பித்த அந்த ஒன்றுக்கு டோரிஸ் என்று பெயர் வைத்தோம். அது என் மாமியார் பெயர். தாமதமாக வருவாள், வந்ததும் வீட்டை ஒரு வாரம் நாறடிப்பாள், அவள் கிளம்பிய பிறகு எல்லாம் சுகமாக இருக்கும். அந்த ஈஸ்டும் அப்படியே. லோரெய்னே இதை ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒரு முறை காய்ச்சியதன் அடியில் ஈஸ்டாகத் தங்கும் மண்டியைக் கழுவி, ஜாடியில் எடுத்து, என் கராஜ் பிரிட்ஜில் வைத்து, அடுத்த முறைக்கு ஊற்றுவோம். உலகத்தில் டோரிஸ் இருந்தது அந்த ஒரு ஜாடியில்தான். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே வெண்டெல் மாக்கியைப் பார்த்தேன். இரும்புத்தாதுக் கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், என் ஒரே சிநேகிதன். அவன் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தான். பேரனுடைய ஹாக்கி ஆட்டம் என்று சொல்லி, ஜனவரி முழுக்க அவன் சனிக்கிழமைகளில் என் கராஜுக்குக் காய்ச்ச வரவில்லை. இப்போது எனக்கு எல்லாம் விளங்கியது.

"என்ன ஆர்லன், பேச்சு மூச்சைக் காணோம்? எப்படி இருக்கு?" என்றார் கிளென்.

எங்கள் ஊரில் 'மோசமில்லை' என்றால் உச்சபட்சப் பாராட்டு. 'வேற மாதிரி இருக்கு' என்றால் அதற்குமேல் திட்ட வார்த்தை இல்லை.

"வேற மாதிரி இருக்கு," என்றேன்.

எல்லோரும் அவரவர் கிளாஸுக்குள் குனிந்துகொண்டார்கள். பிரெண்ட் மட்டும் முகம் மலர்ந்து, "ரொம்ப நன்றிங்க," என்றான். வெளியூர்க்காரனைத் திட்டுவதில்கூடத் திருப்தி இல்லை.

கூட்டம் முடிந்ததும் வெண்டெலின் டிரக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். என்னை நகர்த்தாமல் அவன் ஏற முடியாது.

"டோரிஸை ஏன்டா அவனுக்குக் குடுத்த?"

"ஒரு கப் மண்டி. குடுக்கலேன்னா சாக்கடையில ஊத்தியிருப்பேன். வாளி கழுவுறவன் நான்தானே?"

"அது நம்மளுது."

"மரம் என்னுது."

"ஜாடி என்னுது."

"உன் ஜாடி உன் பிரிட்ஜ்லதான் இருக்கு. போய்ப் பாத்துக்க."

மூச்சு புகையாகப் போய்க்கொண்டிருந்தது. நான் அடுத்த கேள்வியைக் கேட்டிருக்கக்கூடாது. ஆனால் பொறாமை பிடித்தவனுக்கு வாய் நிற்காது.

"அவன் பானை பளபளன்னு இருக்குன்னு போயிட்டியா?"

"பானையா?" வெண்டெல் தொப்பியை இழுத்துக் காதை மூடிக்கொண்டான். "முத நாள் போனேன். 'வெண்டெல், இன்னிக்கு என்ன காய்ச்சலாம்?'னு கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியல. இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்ல பாரு."

"நீ சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னேன். எங்க தாத்தா ஃபின்லாந்துல குடிச்ச மாதிரி, ரையும் ஜூனிபரும் போட்டு ஒண்ணு பண்ணலாம்னு சொன்னேன். ஜூனிபர் பூனை ஒண்ணுக்குப் போற புதருன்னு நீ சொன்ன. அடுத்த வருசமும் சொன்னேன். அப்பவும் அந்தப் பூனையத்தான் கூட்டிட்டு வந்த."

அப்படியானால் இன்று நாங்கள் குடித்தது பிரெண்டின் பீர் இல்லை, வெண்டெலுடையது. அதைத்தான் நான் எல்லோர் முன்னிலையிலும் திட்டியிருக்கிறேன். பிரெண்டுக்குப் புரியாவிட்டாலும் வெண்டெலுக்குப் புரிந்திருக்கும். அவனும் இதே ஊரில் பிறந்தவன்தான்.

"நகரு, குளிருது," என்றான். நகர்ந்தேன்.

அடுத்த சனிக்கிழமை தனியாகக் காய்ச்சுவது என்று முடிவு செய்தேன். அவன் இல்லாமல் என்ன குடியா முழுகிவிடும்? லோரெய்ன் காபிக் கோப்பையோடு கராஜுக்குள் வந்து, நான் அடுப்போடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் அரிசோனாவுல அக்கா வீட்டுல போய் ஒரு மாசம் இருந்தப்போ நீ மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சுக்கலையே."

"நீ திரும்பி வருவேன்னு தெரியும்."

"இதையே அவன்கிட்டப் போய்ச் சொல்லேன்."

"ஆம்பிளைங்க அப்படியெல்லாம் சொல்லிக்க மாட்டாங்க."

"அதான் பீர் காய்ச்சுறீங்களாக்கும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தனியாகக் காய்ச்சுவது இரண்டு கை வேலை இல்லை, நாலு கை வேலை. ஐஸ் பெட்டியைச் சாய்த்துப் பிடிக்க ஆளில்லை. பையிலிருந்து கசப்புக்குப் போடுகிற ஹாப்ஸ் பூவை அள்ளித் திரும்புவதற்குள் பானை பொங்கி, சாறு அடுப்பில் வழிந்து, கருகிய சர்க்கரை நாற்றம் கராஜ் முழுக்கப் பரவியது. வெண்டெல் இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீர் தெளித்து நுரையை அடக்கியிருப்பான். அவன் வேலை செய்வதே தெரியாது. தெரியாததால்தான் நான் பார்க்கவும் இல்லை என்று வையுங்கள். ஆனால் அப்போது எனக்கு அந்த ஞானம் எல்லாம் வரவில்லை. கோபம்தான் வந்தது.

செம்புச் சுருளைப் பானைக்குள் இறக்கி, தண்ணீரைத் திறந்து, சாறு ஆறுவதற்குக் காத்திருந்தேன். ஆறினால்தான் ஈஸ்ட் போடலாம். அந்த நேரத்தில் ரோட்டில் வெண்டெலின் டிரக் வந்தது. பிரெண்டின் வீடு எங்கள் தெருவிலேயே மேட்டின்மேல் இருக்கிறது, என் கராஜைத் தாண்டித்தான் போக வேண்டும். டிரக்கின் பின்பக்கம் பச்சைப்பசேலென்று ஜூனிபர் கிளைகள். அறுத்துக் கட்டி, அழகாக அடுக்கி வைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினான். வேகத்தைக் குறைக்கவில்லை.

தபால்காரனுக்கும் தூக்குவது அதே இரண்டு விரல்தான்.

பிரிட்ஜைத் திறந்தேன், ஜாடியை எடுத்தேன், சாறை வாளிக்கு மாற்றினேன், டோரிஸை அப்படியே கவிழ்த்தேன். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. உனக்கு முன்னால் நான் முடித்துக் காட்டுகிறேன் பார் என்று என்னமோ வேகம். மூடியை அழுத்தி, வாளியைத் தூக்க இரண்டு கையாலும் அணைத்தேன். கை சுட்டது.

காய்ச்சுகிற நாளில் எனக்கும் வெண்டெலுக்கும் ஒரு ஏற்பாடு. தெர்மாமீட்டர் அவன் கையில். நான் ஜாடியோடு நிற்பேன். அவன், "இரு... இரு..." என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பிறகு "ம்," என்பான். நான் ஊற்றுவேன். அந்தத் தெர்மாமீட்டர் எங்கே இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

மறுநாள் வாளியின் மூடியில் ஒரு குமிழிகூட வரவில்லை. டோரிஸ் எப்போதும் தாமதம்தானே என்று சொல்லிக்கொண்டேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. வார நடுவில் மூடியைத் திறந்து பார்த்தேன். இனிப்புத் தண்ணீர், அதன் அடியில் வெந்துபோன சாம்பல் நிற மண்டி. ஐஸ் தண்ணீரில் குளித்தாலும் ஆறாத வயிற்றெரிச்சலில், உலகத்தில் எனக்கென்று இருந்த ஒன்றை நானே வேகவைத்துக் கொன்றிருந்தேன். இப்போது டோரிஸ் உயிரோடு இருப்பது பிரெண்டின் வீட்டில் மட்டும்தான்.

சனிக்கிழமை காலி ஜாடியைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு மேடு ஏறினேன். வண்டியில் போகவில்லை. நடந்து போனால் வழியில் மனசு மாறித் திரும்பிவிட வசதியாக இருக்கும். மாறவில்லை.

பிரெண்டின் கராஜ் என் வரவேற்பறையைவிட வெதுவெதுப்பாக இருந்தது. தரையில் ஒரு எண்ணெய்க் கறை இல்லை. பானைகள் படத்தில் இருந்ததைவிடப் பெரியவை. நடுப்பானையின் முன்னால் வெண்டெல் முழங்கைவரை சட்டையைச் சுருட்டி, மரத்துடுப்பால் கிளறிக்கொண்டிருந்தான்.

"அந்தப் போனை வெச்சிட்டு கிளையை எடுடா. சூடு எவ்வளவுன்னு எனக்கு ஆவியைப் பாத்தாலே தெரியும். இல்ல இல்ல, அது வேணாம், காய் இருக்கிற கிளையா எடு," என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

நான் அறிந்த வெண்டெல் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பேசினாலும் இத்தனை வார்த்தை தேறாது. இவன் யார் என்று இருந்தது. இந்த வெண்டெலை எனக்குப் பிடித்திருந்தது, அதுதான் இன்னும் எரிந்தது. இவ்வளவு நாளும் இவன் எங்கே இருந்தான், ஏன் இங்கே போய் வெளியே வந்தான்?

"வாங்க ஆர்லன்," என்றான் பிரெண்ட். அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம்.

"சும்மாத்தான். பானையைப் பாக்கலாம்னு வந்தேன்."

அவன் ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு திருகாகக் காட்ட ஆரம்பித்தான். நான் தலையாட்டினேன். வெண்டெல் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சூட்டோட ஊத்திட்டியா?" என்றான், பானையைப் பார்த்தபடியே.

"எதை?"

"கோட்டுப் பையில ஜாடி துருத்திட்டு நிக்குது."

பொய் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. "கொஞ்சம் சூடா இருந்துச்சு."

"எவ்வளவு கொஞ்சம்?"

"வாளியில கை வைக்க முடியல."

வெண்டெலின் துடுப்பு நின்றது. "பாவம் கிழவி," என்றான். ஒரு கணம் எனக்குச் சிரிப்பு வந்தது, அவனுக்கும் வந்தது. அந்த ஒரு கணம் என் கராஜில் இருப்பது போலவே இருந்தது.

"அவ்வளவுதானே? இங்க நிறைய இருக்கு," என்று பிரெண்ட் பிரிட்ஜைத் திறந்தான். வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் அச்சடித்த சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் 'டோரிஸ்'. வெண்டெல் பெயரையும் கொடுத்திருக்கிறான். என் மாமியாரைப் பற்றி அந்த வெளியூர்க்காரனிடம் சொல்லி இருவரும் சிரித்திருப்பார்கள். ஈஸ்டைக் கொடுத்ததுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

பிரெண்ட் ஒரு ஜாடியை எடுத்து என் கையில் வைத்தான். இரண்டாவது ஒன்றையும் எடுத்து, "எதுக்கும் இதையும் வெச்சுக்கங்க," என்றான். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

நான் வெண்டெல் பக்கம் திரும்பினேன். "அடுத்த சனிக்கிழமை நம்ம வீட்டுல ரை பீரே போடலாம். ஜூனிபர் எவ்வளவு வேணுமோ போடு. நான் ஒண்ணும் சொல்லல."

அவன் கொஞ்ச நேரம் கிளறினான்.

"இல்லடா."

"ஏன், பானை சின்னதா இருக்கா?"

"பானையைப் பத்தி எவன் பேசினான்? இங்க நான் பேசுறது எனக்கே கேக்குது. அங்க வந்தா திரும்பவும் வாளி கழுவப் போயிடுவேன். நீ வேணாம்னாலும் போயிடுவேன், பழகிப்போச்சு." துடுப்பின் விளிம்பில் வழிந்ததை வழித்துப் பானையிலேயே விட்டான். "உன்மேல கோவம் இல்ல. மீன் புடிக்கக் கூப்பிடு, வர்றேன். லோரெய்ன் சமைச்சா சாப்பிட வர்றேன். காய்ச்ச மட்டும் கூப்பிடாத."

இரண்டு ஜாடிகளையும் மேசைமேல் திரும்ப வைத்தேன்.

பிரெண்ட் குழம்பிப்போனான். "ஈஸ்டுக்குத்தானே வந்தீங்க?"

"இல்ல," என்றேன். "இவனைக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

எங்கள் ஊரில் இப்படியெல்லாம் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்ன பிறகு என் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெண்டெலின் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அவன் இன்னும் திரும்பவில்லை. ஊறுகிற மால்ட்டைப் பாதியில் விட்டால் கட்டிதட்டிப்போகும் என்பது எனக்கும் தெரியும்.

"உக்காருடா," என்றான் கடைசியில். "கொதிக்கிறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கிடக்கு."

கராஜில் இருந்தது இரண்டே நாற்காலி. ஒன்றில் வெண்டெலின் கோட்டு கிடந்தது. இன்னொன்று பிரெண்டுடையது, அவன் காபிக் கோப்பை அதன் கைப்பிடியில் இருந்தது. கோப்பையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் சூடு இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிரெண்ட் சுவரோரம் நின்றுகொண்டு, "அடுத்த வாரத்துக்குள்ள இன்னொரு நாற்காலி வாங்கிடறேன்," என்றான்.

அவன் முகத்தில் குத்தல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. இருந்திருந்தால் அவனோடு பேசுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வாங்காத," என்றேன். "என் கராஜ்ல ரெண்டு சும்மாதான் கிடக்கு."